ஸ்ட்ராபெரிப் பாத்திக்குப் பொள்ளாச்சி நார்த்தூள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

நிலத்தில் பாத்தி போட்டு ஸ்ட்ராபெரி வைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்க வைத்த தேங்காய் நார்த்தூளை நம்பி வாங்கலாம். நர்சரியில் அமுக்கிக் கட்டியாக விற்கிற பித் பிளாக் தொட்டிக்கும் பைக்கும் நல்லது, நிலத்துக்கு அது வீண் செலவு. நார் மில் வாசலில் குவிந்து கிடக்கிற, மட்க வைக்காத பச்சைத் தூளை சும்மா கொடுத்தாலும் அப்படியே கொண்டுவந்து பாத்தியில் கொட்டாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

எங்கள் தோட்டம் கோயமுத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. செம்மண். ஒன்றரை அடி தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், தட்டும். சின்ன வெங்காயம், தக்காளி, வாழை என்று ஓடிக்கொண்டிருந்த பூமியில் பத்து சென்ட்டை ஒதுக்கி, நிழல்வலை கட்டி, குளிர்காலத்துக்கு மட்டும் ஸ்ட்ராபெரி வைக்கிறோம். பழம் கோயமுத்தூரில் இரண்டு பேக்கரிக்கும், சொல்லி வைத்து வாங்குகிற சில வீடுகளுக்கும் போகிறது. நாற்று மகாபலேஷ்வரிலிருந்து வரும், ரகம் விண்டர் டான். அங்கே சுமார் 1,350 மீட்டர் உயரம், அமிலத்தன்மையுள்ள செம்பொறை மண். அந்த மண்ணில் பிறந்த நாற்றுக்கு நாம் கொடுப்பது சுண்ணாம்பு கலந்த மண். ஸ்ட்ராபெரி கேட்கிற பிஎச் 5.5 முதல் 6.5 வரை. எங்கள் மண் பரிசோதனைச் சீட்டில் வந்தது 8.1. மட்கின பொருள் மண்ணில் எவ்வளவு என்று காட்டுகிற அங்ககக் கரிமம் 0.38 சதம். அரை சதத்துக்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள்.

சீட்டைப் பார்த்ததும் உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள். கொங்குப் பக்கம் மண் இறுகிப்போச்சு என்றாலே ஜிப்சம்தான் முதல் யோசனையாக வருகிறது. சோடியம் ஏறிக் களர் ஆகிப்போன மண்ணுக்கு ஜிப்சம் அருமையான மருந்து. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை மண் துகளிலிருந்து தள்ளிவிட்டு, கலைந்து கிடக்கிற களியைச் சேர்த்துப் பிடிக்கும். எங்கள் மண் களர் இல்லை, சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. அதன்மேல் ஜிப்சத்தைக் கொட்டினால் உப்பளவுதான் கூடும். அதனால் அதை விட்டுவிட்டு, கரிமத்தை ஏற்றுகிற வழியைத் தேடினோம்.

இந்தச் செம்மண்ணின் குறை என்ன என்பது ஒரு டம்ளரில் தெரியும். காய்ந்த மண்கட்டி ஒன்றை, நெல்லிக்காய் அளவு போதும், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்க வேண்டாம், சும்மா பாருங்கள். எங்கள் வெங்காயக் காட்டுக் கட்டி விட்ட உடனே சுற்றிலும் குமிழ் விட்டது. ஓரம் பொரிந்து உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் சிவப்புச் சேறாகப் படுத்துவிட்டது, மேலே தண்ணீர் கலங்கலாக நின்றது. வரப்போரம் பல வருசமாக உழவு படாத இடத்தில், புல்வேரோடு எடுத்த கட்டியை இன்னொரு டம்ளரில் விட்டோம். அது ஊறியது, ஆனால் உருவம் கலையவில்லை. தண்ணீரும் தெளிவாக இருந்தது. இரண்டும் ஒரே செம்மண், பத்தடிகூடத் தள்ளி இல்லை. மணல் எத்தனை, களி எத்தனை என்கிற மண் நயம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்கிற கட்டமைப்புதான் வேறு. நயத்தை நாம் மாற்ற முடியாது. கட்டமைப்பை மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம்.

செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இருப்பதால் மழை அடித்துக் காய்ந்ததும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். மானாவாரிச் சோளம் விதைத்தவர்களுக்குத் தெரியும், முளை மேலே வர முடியாமல் அடியிலேயே மடங்கிக் கிடக்கும். ஸ்ட்ராபெரிக்கு இது இன்னும் மோசம். அதன் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரையடிக்குள்ளேயே இருக்கிறது. அந்த அரையடியும் காற்றுப் போகாமல் இறுகினால் கீழே தேடிப் போய்ப் பிழைத்துக்கொள்கிற செடி இல்லை அது. குருத்துப் பகுதி மண் மட்டத்துக்குச் சரியாக உட்கார வேண்டும். ஐப்பசி மழையில் கலைந்த சேறு குருத்தை மூடினால் அழுகல் பிடிக்கும். தண்ணீர் நின்றால் ஃபைட்டோப்தோரா என்கிற கிருமி வேரை எடுத்துவிடும். நாம் நாற்று நடுவதே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரத்தில்தான் என்பதால் தப்பிக்கவும் வழியில்லை. மழை முடியட்டும் என்று காத்திருந்தால் குளிர் போய்விடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்படி ஓடு கட்டுகிற மண்ணுக்குத் தொழுவுரமோ மட்கிய நார்க்கழிவோ ஹெக்டேருக்கு 12.5 டன் போடச் சொல்கிறது. சென்ட் கணக்கில் பார்த்தால் 50 கிலோ. பொள்ளாச்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது வேறெங்கே போவது?

கிணத்துக்கடவு தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நார் மில்கள் தொடங்கிவிடும். ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் விழும் என்பதால், எந்த மில்லுக்குப் போனாலும் நாரைவிடத் தூள்தான் கண்ணை நிறைக்கும். ஒரு காலத்தில் ரோட்டோரம் கிடந்து புகைந்துகொண்டிருந்த கழிவு இது. இன்றைக்குக் கழுவி, காய வைத்து, கட்டியாக்கி வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. ஐரோப்பாவில் மண்ணே இல்லாமல் மேடை கட்டி ஸ்ட்ராபெரி வளர்க்கிற பண்ணைகள் பலவற்றில் செடி நிற்பது தேங்காய் நார்த்தூளில்தான். நம் ஊர்த் தேங்காய் மட்டை அவர்கள் பழத்தைத் தாங்கும்போது நம் பழத்தையும் தாங்கட்டுமே என்பது என் ஆசை.

நாங்கள் வாங்கிய மில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. களத்தில் தூள் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் செம்பழுப்பாகப் பச்சைத் தூள். இன்னொரு பக்கம் கீற்றுக்கொட்டகைக்குள் கறுத்துப்போன குவியல். மில்காரர் என்னைவிட மூத்தவர். கட்டியை விற்றால் அவருக்கு லாபம் அதிகம். ஆனால் பாத்திக்கு என்று சொன்னதும் நேராகக் கொட்டகைக்குத்தான் கூட்டிப்போனார்.

"ஏனுங்கண்ணா, இது எத்தனை நாளுக் குவியலுங்க?"

"ரெண்டு மாசம் தாண்டிருச்சுங்க அம்மிணி. நாஞ்சொல்றத நம்போணும்னு இல்லீங்க, கையை உள்ளுக்க உட்டுப் பாருங்க. சூடு இருந்துச்சுன்னா எடுக்காதீங்க, இன்னும் வேகுதுன்னு அர்த்தம்."

முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அள்ளி மோந்தால் முதல் மழை விழுந்த மண் வாசம். நசுக்கினால் விரலில் கறுப்பு ஒட்டியது. பச்சைத் தூளில் இருக்கிற அந்த நெடி இல்லை. வெள்ளை வெள்ளையாகக் காளான் இழைகள் அங்கங்கே இன்னும் தெரிந்தன. பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்த முறையிலேயே செய்கிறார்: ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. ஒரு அடுக்கு தூள், அதன்மேல் வித்து, அடுத்த அடுக்கின்மேல் யூரியா என்று மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இயற்கை விவசாயச் சான்று வைத்திருப்பவர்கள் யூரியா இல்லாமல் மட்க வைத்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அங்கே சாணியும் எருவும் போட்டு மட்க வைத்ததும் தனியாக இருந்தது.

மட்க வைப்பதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்றால், பச்சைத் தூளில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 112 பங்கு. அதை மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தைத் தின்பதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளடித்து நிற்கும். மட்கிய பிறகு அந்த விகிதம் 24-க்கு இறங்கிவிடுகிறது. லேசில் மட்காத லிக்னின் 30 சதத்திலிருந்து 5 சதத்துக்கும் கீழே வருகிறது. இவையெல்லாம் பல்கலைக்கழகக் கணக்கு.

உப்பு விசயத்துக்கு வருகிறேன், ஸ்ட்ராபெரி வைக்கிறவர்கள் இதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். தேங்காய் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு இயல்பாகவே அதிகம். உப்பளவை ஈசி (மின்கடத்துத்திறன்) என்கிற எண்ணால் சொல்வார்கள். கழுவாத தூளின் ஈசி 3, 4 என்றெல்லாம் காட்டும். பருத்தி, மண்ணின் ஈசி 7.7 ஆகும் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். தக்காளி 2.5 வரை. வெங்காயம் 1.2. ஸ்ட்ராபெரிக்கு அந்த எல்லை வெறும் 1. அதைத் தாண்டி ஈசி ஒவ்வொரு ஒன்று கூடும்போதும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பருத்திக்காரர் போட்டு நன்றாக வந்த சரக்கு ஸ்ட்ராபெரியைக் கருக்கிவிடுவது இதனால்தான். இலை ஓரம் பழுப்பேறிச் சுருள ஆரம்பித்தால் பூச்சி மருந்தைத் தேடாமல் முதலில் உப்பைப் பாருங்கள்.

நான் எங்கே போனாலும் ஈசி அளக்கிற பேனாவைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஒரு டம்ளர் தூள், ஐந்து டம்ளர் ஆர்ஓ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் விட்டு, பேனாவை விட்டுப் பார்ப்பேன். 0.5-க்குள் இருந்தால் வாங்குவேன். இந்த மில்லின் மட்கிய தூள் 0.4 காட்டியது. மில்காரர் பக்கத்திலேயே நின்று எண்ணைப் பார்த்துவிட்டு, "மழை நாள்ல வாங்குனா இன்னும் இறங்கும்ங்க, ஆனா ஈரத்துக்கும் சேத்துக் காசு குடுக்கோணும்" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி வந்ததைக் கேட்டபிறகு வேறு மில்லைத் தேடவில்லை.

இதே சோதனையைக் கோயமுத்தூரில் ஒரு நர்சரியில் வாங்கிய கட்டியிலும் செய்தேன். உறையில் 'கழுவியது, உப்பு நீக்கியது' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பேனா 2.3 காட்டியது. கொண்டுபோய்க் காட்டினால், "இதெல்லாம் யாரும் பாக்கறதில்லீங்க மேடம்" என்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை. வேறு ஏதாவது செடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாடித் தோட்டத்தில் ஆசையாக நாலு ஸ்ட்ராபெரி வைக்கிறவர், பச்சைப் பிள்ளைக்குப் பார்ப்பது போலப் பார்த்து வளர்த்தும் செடி கருகினால், தன் கை ராசியில்லை என்று விட்டுவிடுவார். உறையில் பொய் எழுதி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

'பஃபர் செய்தது' என்று இன்னும் கூடுதல் விலைக்கு ஒரு ரகம் உண்டு. நார்த்தூளின் பரப்பில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் கரைந்து கிடக்கிற உப்பு போகும், ஒட்டினது போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்தால் கால்சியம் அந்த இடத்தில் உட்கார்ந்து மற்றதை வெளியே தள்ளும். தனித் தூளில் பையில் வளர்க்கிறவர்களுக்கு இது அவசியம். இல்லாவிட்டால் செடிக்குக் கொடுக்கிற கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொண்டு, இளந்தளிர் நுனி கருகும். நிலத்துப் பாத்திக்கு, அதுவும் எங்களைப்போல் சுக்கான் கல் பூமிக்கு, அந்தக் கூடுதல் காசு தேவையில்லை என்பது என் தீர்மானம். மண்ணிலேயே சுண்ணாம்புச் சத்து வேண்டிய அளவு கிடக்கிறது.

கழுவுகிற மில்லாக இருந்தால் கழுவின தண்ணீரை எங்கே விடுகிறார்கள் என்று கேளுங்கள். அது காப்பி நிறத்தில் ஓடும். பக்கத்துக் கிணறுகளுக்குள் இறங்கினால் அந்தத் தண்ணீரை மாடுகூடக் குடிக்காது. நம் பாத்திக்கு உப்பு வேண்டாம் என்றால் இன்னொருத்தர் கிணற்றுக்கும் அது போகக்கூடாது. நான் வாங்குகிற இடத்தில் தொட்டி கட்டிப் பிடித்து, திரும்பக் கழுவ எடுக்கிறார்கள்.

விலை. அங்கே உதிரித் தூள் எடைக்கும் கொடுக்கிறார்கள், கொள்ளளவுக்கும் கொடுக்கிறார்கள். எடைக்கு வாங்காதீர்கள். நார்த்தூள் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரச் சரக்கை எடை போட்டால் தண்ணீருக்குத்தான் பணம் கொடுப்பீர்கள். சாக்குக் கணக்கில் அல்லது வண்டிக் கணக்கில் பேசுங்கள். நாங்கள் குட்டியானையில் இரண்டு நடை எடுத்தோம், காய்ந்த கணக்கில் ஏறக்குறைய ஒரு டன். வண்டி வாடகையும் சேர்த்துப் பார்த்தால் அதே அளவுக்குக் கட்டி வாங்கியிருந்தால் ஆகிற செலவில் பாதிகூட ஆகவில்லை.

சரக்கு வந்திறங்கிய அன்று அத்தை ஒரு கைப்பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "இதுல என்ன சத்து இருக்குதுன்னு காசு குடுத்து வாங்கியாந்த கண்ணு? நம்ம பட்டிக் குப்பைக்கு இது ஈடாகுமா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நார்த்தூள் உரமில்லை. செடிக்குத் தீனி போடுகிற வேலையை அது செய்யாது. அதோடு, தூள் மட்டும் போட்டால் மண் உருண்டை பிடிக்காது. மண் துகளை ஒட்டிப் பிடிப்பது நுண்ணுயிர்கள் சுரக்கிற பசையும், பூஞ்சாண இழைகளும், மெல்லிய வேர்களும். அந்த உயிர்களுக்குச் சீக்கிரம் தின்ன இரை வேண்டும். அது குப்பையிலும் பசுந்தாளிலும் இருக்கிறது. நார்த்தூள் செய்வது, அவை குடியிருக்க ஈரமும் காற்றும் உள்ள இடத்தை நீண்ட நாளைக்குத் தாங்கிப் பிடிப்பது. குப்பை ஒரு பருவத்தில் கரைந்து காணாமல் போய்விடும். நார்த்தூள் மெதுவாகத்தான் கரையும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அதனால் அத்தையின் குப்பையும் ஒரு டிராக்டர் உள்ளே போனது.

எங்கள் முறை இது. ஆடியில் சணப்பு விதைத்து, பூ எடுக்கிற நேரத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழுதுவிடுவோம். அது மட்கியதும் குப்பையைப் பரப்பி, பாத்தி வரும் இடத்தில் மட்டும் நார்த்தூள் அரை அங்குல கனத்துக்குப் பரப்பி, மேல் அரையடி மண்ணோடு மம்முட்டியால் புரட்டிக் கலப்போம். கலக்காமல் அடுக்காக விட்டால் தூள் ஒரு பக்கம் ஈரத்தைப் பிடித்து நிற்கும், மண் ஒரு பக்கம் காய்ந்து கிடக்கும். புரட்டாசிக் கடைசியில் ஓரடி உயர மேட்டுப்பாத்தி தயாராகிவிடும். பல்கலைக்கழகம் சொன்ன சென்ட்டுக்கு 50 கிலோவைவிட இந்தத் தூள் அளவு இரண்டு மடங்கு. அதற்குமேல் போகாதீர்கள். மேல்மண்ணில் ஐந்தில் ஒரு பங்கைத் தூள் தாண்டினால் கார்த்திகை மழையில் பாத்தி நாள் கணக்கில் ஈரம் சொட்ட நிற்கும். ஸ்ட்ராபெரிக் குருத்துக்கு அது ஆகாது.

ரோட்டவேட்டரை உள்ளே விடுவதில்லை. ரோட்டவேட்டர் ஓட்டின மண் கோலப்பொடி பதத்தில் இருந்தால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி. அந்தப் பொடிதான் முதல் மழையில் கலைந்து ஓடாக இறுகுகிறது. ஈரம் மிதமாக இருக்கும்போது கிளறி, கட்டி கட்டியாக விடுவதே நல்லது. நட்ட பிறகு பாத்தியின் மேல் யாரும் கால் வைக்கக்கூடாது. வாய்க்காலில் கரும்புச் சோகை பரப்பி அதன்மேல் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

கோழி எரு போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் அது கொட்டிக் கிடக்கிறது, விலையும் மலிவு. மட்காத கோழி எருவில் உப்பும் அம்மோனியாவும் அதிகம். மக்காச்சோளத்துக்கும் வாழைக்கும் போடுங்கள். ஸ்ட்ராபெரிக்கு வேண்டாம்.

இனி, பயன் எப்படி இருந்தது என்று பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாத்திக்குக் குப்பை மட்டும் போட்டு, நார்த்தூள் போடாமல் விட்டிருந்தோம். ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டியது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் அந்த ஒற்றைப் பாத்தியின் தோள் கரைந்து சரிந்திருந்தது. குருத்துகளில் சேறு. ஒவ்வொன்றாகத் துடைத்துவிட வேண்டியிருந்தது. மற்ற பாத்திகள் நின்றபடி நின்றன. மழை விட்ட பிறகு நாலங்குலப் பைப் துண்டை இரண்டு பாத்தியிலும் கொஞ்சம் அழுத்தி வைத்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். தூள் போட்ட பாத்தியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. மற்றதில், சாளைக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தும் பைப்புக்குள் பாதி நின்றது.

பருவ முடிவில் செடியைப் பிடுங்கியபோது வித்தியாசம் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. தூள் போட்ட பாத்திச் செடியின் வேர் வெளிர் மஞ்சளாக, நுனி வரை மயிர் வேர் விட்டு, மண் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு வந்தது. உதறினால் மண் சின்னச் சின்ன உருண்டையாக விழுந்தது. ஒற்றைப் பாத்திச் செடியின் வேர் கறுத்து, கட்டையாக, ஒரு பக்கம் மட்டும் ஓடியிருந்தது. பழமும் அப்படித்தான். அந்த ஒற்றைப் பாத்தி தையிலேயே ஓய்ந்துவிட்டது. மற்றவை மாசி வெயில் ஏறும் வரை கொடுத்தன.

எல்லாவற்றையும் நார்த்தூள் சரிசெய்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். பிஎச் 8.1-லிருந்து 7.9-க்குத்தான் வந்தது. சுண்ணாம்பு மண்டிய மண்ணில் பிஎச்சை இறக்கக் கந்தகம் போட்டாலும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும். இளம் இலையில் நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக வருகிற இரும்புப் பற்றாக்குறை எங்களுக்கு இன்னும் வருகிறது. அதற்குத் தனியாகத்தான் வைத்தியம் பார்க்கிறோம். இரும்புச் சத்து வாங்கும்போது உறையில் இடிடிஏ (EDTA) என்று இருந்தால் இந்த மண்ணில் நிலைக்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். விலை பல மடங்கு, ஆனால் சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்வது அதுதான். பழத்தின் பருமனும் பெரிதாகக் கூடவில்லை. அதற்கு இங்கே இருக்கிற குளிர் போதாது. எண்ணிக்கையும் காய்க்கிற நாளும்தான் கூடின.

தண்ணீர் உப்பாக இருந்தால் எந்தத் தூளும் காப்பாற்றாது. ஸ்ட்ராபெரிக்குப் பாய்ச்சுகிற தண்ணீரின் ஈசி 0.7-க்குள் இருக்க வேண்டும். எங்கள் கிணறு மலையடிவாரத்தில் இருப்பதால் 0.6-இல் தப்பிக்கிறது. கிழக்கே அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் 1.5-க்கு மேல் காட்டுகிற இடங்கள் உண்டு. அங்கே இருப்பவர்கள் தூள் வாங்குவதற்கு முன்னால் மழைநீருக்குத் தொட்டி கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். தண்ணீரைச் சோதிக்காமல் பாத்திக்குச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்த பருவத்துக்கு முழு அளவு தேவைப்படாது. போட்டதில் நிறைய இன்னும் மண்ணிலேயே இருக்கிறது. பாதி போட்டால் போதும் என்று நினைக்கிறேன். குப்பையும் சணப்பும் மட்டும் வருசா வருசம் குறையாமல் போக வேண்டும்.

வாங்குகிறவர்கள் ஆனி, ஆடியில் வாங்குங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் களத்துச் சரக்கு நன்றாகக் காய்ந்திருக்கும், நடவுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் மட்கவும் நேரம் கிடைக்கும். புரட்டாசிக்கு மேல் போனால் ஈரச் சரக்குதான் கிடைக்கும், ஏற்றுமதி ஆர்டருக்கு நடுவே நம் சாக்குக்கு ஆள் ஒதுக்கவும் மாட்டார்கள். குட்டியானை ஒரு நடைக்குக் குறைந்து அந்த மில்லில் அனுப்புவதில்லை. இரண்டு மூன்று சென்ட் மட்டும் வைக்கிறவர்கள் பக்கத்துத் தோட்டத்தாரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். மீதியைப் பாக்கு, மிளகுக் கன்றுகளுக்கு வட்டப்பாத்தியில் போடலாம், நாங்கள் அப்படித்தான் போட்டோம்.